தூங்குமூஞ்சி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பு, உன் பெண்டாட்டி உடம்பு, உன் மகள் வாயாடியின் உடம்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. போன தடவை மாதிரி 'அனைவரும் சுகம்' என்று ஒரே வரியில் முடிக்காதே. அப்பா ஒரு கடிதத்தை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கிறார். ஒரே வரியை நாலு தடவை படிக்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்கப்போகிறார். "இத்தன வருஷமா இருக்கீங்க, முதல்ல உங்களத்தான் கேக்கணும்னு வந்தேன்" என்றார். நாம் வாங்குவதாக இருந்தால் ஏப்ரல் பாதிக்குள் முன்பணம் வைக்க வேண்டும். மீதிக்கு என் நூலக வேலைச் சம்பளத்தின் பேரில் பள்ளிக்கூடத்தில் கடன் தருவார்கள், பேசிவிட்டேன். முன்பணத்துக்குத்தான் வழி இல்லை.

பார்வை போன பிறகு அப்பாவுக்கு இந்த வீடுதான் கண் என்று உனக்கே தெரியும். கூடத்துச் சுவரில் வலது கையை வைத்துக்கொண்டு அடுப்பங்கரை, குளியலறை, வாசல் என்று தானே போய்வருகிறார். சுவரில் அவர் கை போகிற இடம் ஒரு கோடாகக் கறுத்துக் கிடக்கிறது. புது இடத்துக்குப் போனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடிதான் இருக்க வேண்டும். அது அவருக்கும் தெரிகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "தூங்குமூஞ்சிய வித்துடலாம்."

அவருடைய மோதிரப் பெட்டி உனக்குத் தெரியும். பல் கட்டுவதற்காக ஜனங்கள் அப்பாவின் கடைக்கு உருக்கக் கொண்டுவந்த பழைய தங்கத்தில், உருக்க மனசு வராமல் தன் கைக்காசைப் போட்டு ஒதுக்கி வைத்துக்கொண்ட மோதிரங்கள் அவை. அதற்காக அம்மாவிடம் வாங்காத திட்டா? அதிலும் தூங்குமூஞ்சி இருநூறு வருஷத்துக்கு முந்தியது, பகலெல்லாம் சும்மா கிடந்துவிட்டு விளக்கு வைத்தால்தான் அந்த வைரம் கண் திறக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. அதையே கொடுக்கிறேன் என்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

எதிர் வீட்டு நர்ஸம்மா பயிற்சிக்காக உங்கள் ஊருக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நல்ல இடமாகப் பார்த்து விற்றுக்கொடு. மோதிரத்தை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று அப்பா வரிசையாக எழுதச் சொன்னார். நீ படித்தால் 'இன்னமும் எனக்குப் பாடம் எடுக்கிறார்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அதனால் எழுதவில்லை. உனக்குத் தெரியாத வேலையா?

இப்படிக்கு,
உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். விவரமாகக் கேட்டாயே, எழுதுகிறேன். எனக்கு இடுப்புப் பிடிப்பு, இவளுக்குத் தலைவலி, இருவருக்கும் காரணம் வாயாடி. அவளுக்கு முன்பல் ஆடுகிறது. பல் கட்டுகிறவன் வீட்டில் பிறந்துவிட்டு, தொட விடாமல் ஊரைக் கூட்டுகிறாள். அப்பாவுக்கு இதை நாலு தடவை படித்துக் காட்டு.

நர்ஸம்மா மோதிரத்தைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டாள். சின்ன வயதில் அப்பா அதைத் தூரத்தில் வைத்துத்தான் காட்டுவார். இப்போதுதான் கையில் வைத்துப் பார்க்கிறேன். அக்கா, உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, பார்க்க மோதிரம் மாதிரியே இல்லை. கல்லைச் சுற்றி ஒரே கறுப்பு. வளையத்தின் இரண்டு தோளிலும் இலை இலையாக வெட்டியிருக்கிறார்கள், இலைக்கு நடுவெல்லாம் அழுக்கு. உள்பக்கம் ஏதோ எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. கல் தூங்கோ தூங்கென்று தூங்குகிறது.

இங்கே பழைய நகைகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார். கண்ணில் லென்சை மாட்டினால் கழற்ற மாட்டாராம், லென்ஸ்காரர் என்றே பெயர். நான் வேலை பார்க்கிற பல் செட் லேப் முதலாளிக்குப் பழக்கம். வெளியூர் போயிருக்கிறார், பிப்ரவரி கடைசியில் வருவார். அவர் நேர்மையானவர், விலையில் ஏமாற்ற மாட்டார் என்கிறார்கள்.

அப்பாவின் பாடங்களை எழுதாமல் விட்டதற்கு நன்றி. இத்தனை வருஷத்தில் நான் செய்த எந்த வேலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "பரவால்ல." இந்த ஒரு காரியத்திலாவது அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்கிவிடுகிறேன், பார்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பா எங்கும் போக வேண்டாம்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். வாயாடியின் பல் விழுந்ததா? அப்பா தினமும் கேட்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் சளி, மருந்து கொடுக்கிறேன்.

நேற்று வீட்டுக்காரர் ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார், கையில் டேப் வேறு. "சும்மா பாக்க வந்திருக்காங்க, நீங்கதான் முதல்ல" என்று என்னிடம் அசடு வழிந்தார். அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு போலிருக்கிறது. அந்த அம்மாள் அவர் தலைக்கு மேலேயே சொன்னாள்: "இந்தச் சுவர எடுத்துட்டா கூடம் பெருசாயிடும்ல?" அப்பா கை வைத்து நடக்கிற சுவர்.

அவர்கள் போன பிறகு அப்பா எழுந்து போய் அந்தச் சுவரில் கை வைத்தபடி நின்றார். "சாப்பிட வாங்கப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். "அந்த அம்மாவுக்குத் தெரியாது. தூங்குமூஞ்சி போயிருக்குல்ல" என்றார், ஏதோ தூது போயிருக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மோதிரப் பெட்டியைத் தினமும் திறக்கிறார். அதிலே பல் அச்சு எடுக்கிற தட்டுகளைத்தான் அறைகளாக வைத்திருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து காலி அறையில் விரலைச் சற்று நேரம் வைத்திருந்து பிறகு மூடுகிறார். வருத்தமா என்று கேட்டேன். "வருத்தம் என்ன, வீட்டுக்குள்ளதான இருக்கப்போறேன்" என்றார்.

லென்ஸ்காரர் வந்ததும் உடனே போய்ப் பார். உன் பெண்டாட்டிக்கு என் அன்பு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். பல் விழுந்துவிட்டது. தும்மினாள், விழுந்தது. என் தொழிலுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். மற்றபடி இங்கே அனைவரும் சுகம். அப்பாவின் சளி எப்படி?

லென்ஸ்காரர் வந்துவிட்டார். மார்ச் முதல் வாரம் நேரம் கொடுத்திருக்கிறார். எனக்குள் ஒரு திட்டம் இருக்கிறது, அப்பாவிடம் இந்தப் பத்தியை மட்டும் படிக்காதே. இந்த ஞாயிறு லேப்பில் ஆள் இருக்காது. சாவி வாங்கி வைத்துவிட்டேன். அப்படியே அழுக்கோடு கொண்டுபோய் ஒரு பெரிய மனிதர் முன்னால் வைக்க எனக்குக் கை வருமா? நான் யார் பிள்ளை? 'வாயில போற சாமான்ல ஒரு சொரசொரப்பு இருந்தாலும் புண்ணாக்கிடும், பாலிஷ் பண்ணாம ஒண்ணும் கடையத் தாண்டக் கூடாது' என்று என் கையில் ஸ்கேலால் தட்டி வளர்த்த மனிதருடைய மோதிரம் அது. ராத்திரி பகல் எந்நேரமும் கண் திறந்திருக்கப்போகிறது, பார். தூங்குமூஞ்சி என்ற பெயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

நல்ல விலை வந்த பிறகு, யார் கைவேலை என்று அப்பாவிடம் சொல்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 23

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பள்ளிக்கூட போனிலிருந்து உன் லேப்புக்கு மூன்று தடவை போட்டேன். மோட்டார் சத்தம்தான் கேட்டது, யாரோ "சாயங்காலம் பேசுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

மோதிரத்தைத் தொடாதே. கழுவாதே, தேய்க்காதே. அன்று அப்பா எழுதச் சொன்னதே இதுதான்: "அழுக்கோட குடுக்கச் சொல்லு. அழுக்குப் போனா வெல போயிடும். தண்ணி படவே கூடாது." நீ வருத்தப்படுவாய் என்று நான்தான் அதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேறு ஏதாவது வேலை வந்திருக்கும். வாயாடி எங்காவது கூட்டிப்போகச் சொல்லியிருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடனே பதில் எழுது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே லேப்பில் வேலை கழுத்தை நெரிக்கிறது. ஒரு மருத்துவமனையிலிருந்து மொத்தமாகப் பல் செட் கேட்டிருக்கிறார்கள். வெயில் ஆரம்பித்துவிட்டது. இவளுக்குத் தலைவலி குறைந்திருக்கிறது. வாயாடிக்குப் புதுப்பல் முளை விட்டிருக்கிறது, கொஞ்சம் கோணலாக வரும் போலிருக்கிறது. அப்பாவின் சளி எப்படி? உன் உடம்பு எப்படி?

லென்ஸ்காரர் மறுபடி வெளியூர் போய்விட்டார். வந்ததும் பார்க்கிறேன். இந்த மாதிரிப் பழைய சாமானுக்கெல்லாம் வாங்குகிற ஆள் வர நாளாகும் என்று சொல்கிறார்கள். வீட்டுக்காரரிடம் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டுப் பார்க்க முடியுமா?

போன வாரம் மழை மாதிரி இருந்தது, பெய்யவில்லை. அப்பாவின் சளி எப்படி என்று எழுது.

அன்புத் தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் சளி போய்விட்டது. இரண்டு தடவை கேட்டிருந்தாய், அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

மழை பெய்யாததைக்கூட எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை மட்டும் காணோம். என் கடிதம் உனக்கு எப்போது கிடைத்தது? ஞாயிற்றுக்கிழமை லேப்புக்குப் போனாயா, இல்லையா? ஒரு வரி போதும். நான் உன்னைத் திட்டப்போவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

வீட்டுக்காரரிடம் தவணை கேட்டேன். அந்தப் புருஷன் பெண்டாட்டி பணத்தோடு தயாராக இருக்கிறார்களாம். "எனக்கும் தேவை இருக்குல்லம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "கவலப்படாதீங்க, என் புள்ள ஏற்பாடு பண்ணிட்டிருக்கான்." உன்னைப் பற்றி இவ்வளவு தெம்பாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஒரு வரி எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

உன் கடிதம் வந்தபோது மோதிரம் பளபளவென்று டப்பாவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. பல் செட்டைக் குலுக்கிக் கழுவுகிற மெஷினில் போட்டேன், பிறகு துணிச் சக்கரத்தில் பிடித்தேன். கறுப்பெல்லாம் போகப் போக எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இலைக்குள் அழுக்கு இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பப் பிடித்தேன். வேலை முடிந்து பார்த்தபோது கல் மட்டும் ஒரு மாதிரி மங்கலாக இருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

லென்ஸ்காரர் வெளியூர் போகவில்லை. மார்ச் முதல் வாரமே அவரைப் பார்த்துவிட்டேன். உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனாலும் போனேன். ஜன்னலோரத்தில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி. மோதிரத்தை வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இத யார் சுத்தம் பண்ணாங்க?"

"நான்தான் சார்."

"என்ன வேல பாக்குறீங்க?"

"பல் செட் செய்யறேன்."

"அதான். கை சுத்தமா இருக்கு."

பிறகு லென்சைக் கழற்றி வைத்தார். கழற்றவே மாட்டார் என்றார்களே, எனக்காகக் கழற்றினார். "அந்தக் காலத்துல இந்த மாதிரிக் கல்லுக்கு அடியில மெல்லிசா ஒரு தகடு வச்சு மூடிடுவாங்க. கல்லுக்கு வெளிச்சமே அதுலேர்ந்துதான் வரும். தண்ணி உள்ள போயி தகடு செத்துப்போச்சு. தோள்ல எல வெட்டிருந்திருக்குமே?"

"இருந்துச்சு சார்."

"உள்பக்கம் எழுத்து?"

"இருந்துச்சு."

"அதெல்லாம் இருந்தப்ப இது பழைய மோதிரம். இப்ப இத எந்தக் காலத்துதுன்னு நான் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"வேற தகடு வைக்க முடியாதா?"

"வைக்கலாம். அப்ப அது நீங்க செஞ்ச மோதிரமா ஆயிடும்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தார், "உக்காந்துட்டுப் போங்க" என்றார். தங்கத்துக்கும் கல்லுக்கும் உள்ளதைத் தருகிறேன் என்றார். அது முன்பணத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வேறு இரண்டு கடைகளிலும் கேட்டுவிட்டேன். அவர்கள் இவ்வளவு மரியாதையாகக்கூடச் சொல்லவில்லை. முதலாளியிடம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடன் கேட்டேன், சிரித்தார்.

அப்பாவிடம் சொல்லாதே அக்கா. சந்தை சரியில்லை என்று சொல். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லோருடைய உடம்பையும் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதத்தை நூலகத்தில், கடைசி அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். உன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒரே ஒரு வரியை நான் அன்றைக்கு எழுதியிருந்தால் போதும். உனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்தேன். இப்போது எல்லோருக்கும் வலிக்கிறது. சாப்பிடு. நீ பட்டினி கிடந்து ஒன்றும் திரும்பிவரப்போவதில்லை.

வீட்டுக்காரர் அவர்களிடம் முன்பணம் வாங்கிவிட்டார். மே கடைசிக்குள் நாம் காலி செய்ய வேண்டும். நான் வேறு இடம் பார்த்துவிட்டேன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடி, ஓர் அறையும் அடுப்பங்கரையும். படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை.

அப்பாவிடம் இது எதையும் சொல்லவில்லை. தினமும் பள்ளியிலிருந்து வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வருகிறேன். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நிற்கிறார். எப்படிச் சொல்வது? ஒரு நாள் கூடத்துக்கு வெள்ளையடிக்கலாமா என்று வேறு கேட்டார், நம் வீடாகப்போகிறதே என்று. நான் அந்தக் கறுத்த கோட்டைப் பார்த்துக்கொண்டு "அடிக்கலாம்பா" என்றேன்.

மோதிரத்துக்கு விலை குறைத்துக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "அப்ப திருப்பி அனுப்பச் சொல்லு. அவசரத்துக்கு வித்து ஏமாறக் கூடாது. வேற வழி பாக்கலாம்" என்றார். வேறு வழி என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நர்ஸம்மா பயிற்சி முடிந்து திரும்புகிறாளாம். அவளிடம் கொடுத்துவிடு. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நர்ஸம்மாவிடம் மோதிரத்தைக் கொடுத்துவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். அழிந்த இலைகளைத் திரும்ப வெட்டிவிடலாம் என்று தோன்றியது. பல்லில் குழி வெட்டுகிற சின்ன டிரில் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலை எப்படி இருந்தது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். அழுக்கைப் பார்த்தேனே தவிர இலையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை அக்கா. ஒன்று வெட்டினேன். அது இலை மாதிரி இல்லை, கடைவாய்ப்பல் மாதிரி இருக்கிறது. அதோடு விட்டுவிட்டேன்.

அப்பா கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவார். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. இந்தத் தடவை ஒன்றையும் விட்டுவிடாதே. வாயாடி தாத்தாவுக்குத் தன் புதுப்பல்லைக் காட்ட வேண்டும் என்கிறாள். காட்ட முடியாது, தடவித்தான் பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. நானும் இருக்கிறேன். நீ கேட்டபடி ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

நர்ஸம்மா சனிக்கிழமை வந்து கொடுத்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் இருந்தார். "தூங்குமூஞ்சி வந்துடுச்சுப்பா" என்று கையில் வைத்தேன். வெளிச்சத்தில் எனக்கே பார்க்க முடியவில்லை. வளையம் மட்டும் மின்னுகிறது, கல் செத்த மீனின் கண்ணாக இருக்கிறது. நல்லவேளை அவருக்குத் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது.

கட்டைவிரலை வளையத்தைச் சுற்றி ஓட்டினார். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். இலை இருந்த இடத்தில் தேடினார். உள்பக்கம் எழுத்தைத் தேடினார். பிறகு, புதுப் பல் செட்டைக் கடையில் சோதிப்பாரே, அது மாதிரி கீழுதட்டில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யாரு பண்ணா?"

"தம்பிதான்பா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும் உதட்டில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு சொரசொரப்பு இல்ல" என்றார். பிறகு, "நல்லா பண்ணிருக்கான்" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை தம்பி. அவர் குத்திச் சொன்னால் எனக்குத் தெரியாதா? கடையில் நாலு பேர் நடுவில் சொல்கிற குரலில்தான் சொன்னார். "எழுதிப் போடு. நல்லா பண்ணிருக்கான்னு நான் சொன்னேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இத்தனை வருஷம் நீ காத்திருந்த வார்த்தையை இப்படியா நான் அனுப்ப வேண்டும்?

அப்புறம் அவர் விரல் நீ வெட்டிய அந்த ஒரு இலைமேல் போய் நின்றது. அது என்னவென்று கேட்கவில்லை. வெகுநேரம் விரலை எடுக்கவும் இல்லை. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, காலி அறையில் மோதிரத்தை வைத்து மூடினார். மூடி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்னைக்குக் காலி பண்ணணும்?"

நான் இத்தனை நாள் சொல்ல முடியாமல் தவித்ததை அவரே எடுத்துக்கொண்டார். "மாசக் கடைசிப்பா" என்றேன். என் அழுகையைக் கேட்டிருப்பார். அந்த வீட்டில் நிலைப்படி உயரமா, கதவு எந்தப் பக்கம் திறக்கும், சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கதவு ஓரம், ஜன்னல் கட்டை, மாடிப்படியின் திருப்பம், எங்கே கை வைத்தாலும் சிராயும் சொரசொரப்புமாகக் குத்துகிறது. அப்பா கை பட்டுக்கொண்டே இருக்கப்போகிற இடங்கள்.

நாங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்னால் நீ வா. உன் தேய்க்கிற சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டு வா.

உன் அக்கா